வெதைப்பணம்

ஏனுங்கய்யா, அந்தப் பேப்பரைப் படிச்சுப்போட்டு நீங்க 'உச்' கொட்டுனீங்கல்ல, நானும் எட்டிப் படிச்சனுங்க. ஆன்லைன் சூதாட்டத்துல வாலிபர் பணத்தை இழந்தாராம். தெனமும் ஒண்ணு போடறாங்க. இழந்தவனைப் பத்தி மட்டும் போடறாங்க. உக்காந்து யோசிச்சு, சட்டம் போட்டுக்கிட்டு, ஒத்தை ரூபா கைக்காசு போடாம சேத்தவனைப் பத்தி எந்தப் பேப்பர்லயாச்சும் பாத்திருக்கீங்களா? நாந்தானுங்க அது. நான் சேத்தேன்.

இல்லீங்க, இப்ப இல்லை. அதைத்தான் சொல்ல வர்றேன். டயர் மாட்டி முடிக்க எப்பிடியும் ஒரு மணி நேரம் ஆகும். ஜாக்கியே இல்லாம பஸ்ஸை எடுத்துட்டு வந்திருக்காங்க, தாராபுரம் டெப்போல இருந்து வரணுமாம். இந்த மூட்டை உங்க கால்ல இடிக்குதுங்களா? இப்பிடித் தள்ளிக்கறேன். பனியன் சாம்பிளுங்க. மதுரைல ஒரு கடைக்குக் கொண்டுபோறேன். என்ற அக்கா கம்பெனிது.

என்ற பேரு நவநீதன். ஊரு வெள்ளகோயில் பக்கம். அப்பா நான் எட்டாவது படிக்கறப்பவே போய்ட்டாரு. அம்மா ஊர்ல ரெண்டு எருமை வெச்சுப் பால் ஊத்துது. அக்கா பேரு வளர்மதி, எனக்கு ஏழு வருசம் மூத்தவ. பன்னெண்டாவதோட நிறுத்திப்போட்டுத் திருப்பூர் வந்து டைலரா சேந்தா. ஓவர்லாக்னு ஓரம் அடிக்கற மிசின். அவ தெச்சுத்தான் என்னை இஞ்சினீரிங் சேத்துனா. அதை நான் எங்கயும் மறைக்கறதில்லீங்க. அக்காளைப் பத்திக் கொறை சொல்றான்னு நீங்க நெனைச்சறக் கூடாதுன்னுதான் மொதல்லயே சொல்லிப்போடறேன்.

மூணாவது வருசம், நவம்பர் மாசம். ஹாஸ்டல்ல என்ற ரூம்ல ஜெர்வின்னு ஒரு நாகர்கோயில் பையன். அவந்தான் போனுல போக்கர் ஆடுவான். ரம்மி இல்லீங்க, போக்கர். ரெண்டு சீட்டு கையில குடுப்பாங்க, அஞ்சு சீட்டு மேசைமேல எல்லாருக்கும் பொதுவா விரிப்பாங்க. எது நல்ல சேர்க்கையோ அது ஜெயிக்கும். சீட்டுப் புடிக்கலைன்னா வெச்சுப்போட்டு ஒதுங்கிக்கலாம். அதாங்க அதுல விசயமே. ஒதுங்கத் தெரிஞ்சவன் ஜெயிப்பான். ஜெர்வினுக்கு ஒதுங்கத் தெரியாது. வந்த சீட்டையெல்லாம் ஆடுவான். வாரம் ஐநூறு, ஆயிரம்னு விட்டுப்போட்டு செவுத்தைப் பாத்துப் படுத்துக்குவான்.

நான் ஒரு மாசம் அவன் தோளுக்குப் பின்னால உக்காந்து பாத்தனுங்க. பாத்தே கத்துக்கிட்டேன். பொறவு அந்த ஆப்புலயே இலவசப் போட்டி ஒண்ணு நடக்கும், அதுல சேந்தேன். ஆயிரத்து முன்னூறு பேர் ஆடுனாங்க. நான் பத்தொம்பதாவது வந்தேன். எரநூறு ரூபா குடுத்தான். அந்த எரநூறுதானுங்க வெதை. என்ற சட்டைப் பாக்கெட்ல இருந்து ஒரு ரூபா போகலை. இதைக் குறிச்சுக்கங்க.

அதுக்குப் பேரு பேங்க்ரோல்னு சொல்லுவாங்க. ஆட்டத்துக்குன்னே ஒதுக்கி வெச்ச பணம். அதைத் தொடக்கூடாது. டீ குடிக்கக்கூட எடுக்கக்கூடாது. நம்மூர்ல வெதைக்கடலை எடுத்து வெப்பாங்கல்ல, வீட்ல அடுப்பு எரியலைன்னாக்கூட அந்த மூட்டையைப் பிரிக்க மாட்டாங்க, அந்த மாதிரி. ஐயாவுக்குக் காடு தோட்டம் இருக்குதுங்களா? பாத்தாலே தெரியுது. அப்ப உங்களுக்குப் புரியும். என்ற வீட்ல ஒருத்தருக்கும் புரியலை.

ஐம்பது பைசா, ஒரு ரூபா மேசைல ஆரம்பிச்சேன். எரநூறு முன்னூறாச்சு, முன்னூறு நூத்திப்பத்தாச்சு, மறுக்காவும் ஏறுச்சு. ஆயிரத்தைத் தொட்ட அன்னிக்கு ஒரு சட்டம் போட்டேன். கையிருப்புல இருவதுல ஒரு பங்குக்கு மேல எந்த மேசைலயும் கொண்டுபோய் உக்கார்றதில்லை. எழுதி பீரோக் கதவுல ஒட்டி வெச்சேன். ஜெர்வின் அதைப் படிச்சுட்டுச் சிரிச்சான். "லேய் நவநீ, நீ ஆடுறியா, இல்ல தபாலாபீஸ்ல போடுறியா?"ன்னான். சிரிச்சவன் அந்த மாசம் நாலாயிரம் விட்டான். நான் நாலாயிரம் எடுத்தேன்.

நூறு தடவை சீட்டு வந்தா எம்பது தடவை தூக்கிப் போட்டுருவனுங்க. அது எவ்வளவு கஷ்டம்னு ஆடாதவங்களுக்குத் தெரியாது. கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து, வாத்தியார் என்னமோ போர்டுல எழுதிட்டு இருப்பாரு, நான் தூக்கிப் போட்டுட்டே இருப்பேன். தூக்கிப் போடு, தூக்கிப் போடு, இது நல்ல சீட்டு, ஆடு. மறுக்காவும் தூக்கிப் போடு. ரெண்டு பேப்பர் அரியர் விழுந்துச்சுங்க, அது வேற கதை. ஜனவரி கடைசில பதினெட்டாயிரம். மார்ச்சுல நாப்பத்தாறாயிரம்.

அந்த மார்ச்சுலதான் பீஸ் கட்டச் சொன்னாங்க. ஹாஸ்டல், மெஸ், பரிச்சை எல்லாம் சேத்து இருவத்தெட்டாயிரம். அக்காளுக்குச் சொன்னேன். எப்பவும் சொல்றதுதானுங்க, வழக்கமா அவதானே கட்டறா. ஒரு வாரம் கழிச்சுக் கட்டிப்போட்டா. அந்த ஞாயித்துக்கிழமை பாக்கப் போனப்ப காதுல தோடு இல்லை, ஓட்டை தூந்து போகாம இருக்க வேப்பங்குச்சி சொருகியிருந்தா. "என்னக்கா இது?"ன்னேன். "அடகுல இருக்குதுடா, தீபாவளி போனஸ்ல திருப்பிக்கலாம்"னா. ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு இருந்தா அப்ப. கண்ணெல்லாம் பஞ்சுத்தூசு. எனக்குக் கோழிக்கொழம்பு வெச்சிருந்தா.

நீங்க கேப்பீங்கன்னு தெரியும். கேக்காமயே மொகத்துல தெரியுது. 'நாப்பத்தாறாயிரம் வெச்சிருந்தயே, எடுத்துக் கட்டியிருக்கலாமல்ல?' அப்பிடித்தானுங்களே? கணக்கைப் பாருங்க. இருவத்தெட்டு எடுத்தா பதினெட்டுக்கு எறங்கிருவேன். ரெண்டு மாசத்துப் பாடு போச்சு. திருப்பியும் சின்ன மேசைக்குப் போய் பைசா பைசாவாப் பொறுக்கணும். அதையே விட்டு வெச்சா வருசக் கடைசில மூணு லட்சம் ஆகும். அப்ப தோடு என்ன, வளையலே செஞ்சு போடலாம். நான் எனக்காகவா வெச்சிருந்தேன்? ஒரு சட்டை வாங்கலீங்க. ஜெர்வின் பிரியாணிக்குக் கூப்புட்டாக்கூடக் காசில்லைன்னு சொல்லிருவேன். அவ்வளவு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டை ஒருத்தராச்சும் பாராட்டணுமா இல்லையா?

சரி, விடுங்க. ஏப்ரல் மாசம் வந்துச்சு. எழுவத்தோராயிரத்து நானூறு. எரநூறுல இருந்து எழுவத்தோராயிரத்து நானூறு. அஞ்சு மாசத்துல.

அப்பத்தான் அக்கா போன் பண்ணி ஒரு சேதி சொன்னா. அனுப்பர்பாளையத்துல கிட்டுசாமின்னு ஒருத்தரு ஆறு மிசின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தெச்சுக் குடுக்கற ஜாப் வொர்க் யூனிட் நடத்திட்டு இருந்தாரு. கண்ணு ஆப்பரேசன் பண்ணி, இனிமே முடியாதுன்னு யாருக்காச்சும் குடுத்தறலாம்னு பாத்தாரு. என்ற அக்காளும், அவகூடத் தெக்கிற ஷாஹிதா அக்காளும் சேந்து எடுத்துக்கலாம்னு பேசிட்டாங்க. அட்வான்ஸ் எம்பதாயிரம். ரெண்டு பேரும் சேந்து அறுவது தேத்திட்டாங்க.

"நவநீ, உன்ற பிரெண்ட்ஸ் யாராச்சும் ஒரு இருவதாயிரம் ஒரு மாசத்துக்குத் தருவாங்களாடா?"ன்னு கேட்டா.

"படிக்கற பசங்ககிட்ட ஏதுக்கா அவ்வளவு?"ன்னேன்.

அது பொய்யில்லீங்க. படிக்கற பசங்ககிட்ட பொதுவா இருக்காதுங்கறது நெசந்தானுங்களே.

"அதும் சரிதான்"னுட்டா. பொறவு, "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பேச வரச் சொல்லியிருக்காரு. நீ சும்மா வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும். பொம்பளைங்க ரெண்டு பேரு போய் நின்னா வெலையை ஏத்திப் பேசுவாங்க. இஞ்சினீரிங் படிக்கற பையன் கூட இருந்தா ஒரு மரியாதை"ன்னா.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு எனக்குப் பெரிய போட்டி ஒண்ணு இருந்துச்சுங்க. நொழைய மூவாயிரத்து ஐநூறு. என்ற சட்டப்படி சரியா இருவதுல ஒரு பங்கு. மொதப் பரிசு ரெண்டு லட்சம். ஒரு வாரமா அதுக்குத் தயார் பண்ணிட்டு இருந்தேன். அவகிட்ட ஸ்பெசல் கிளாஸ்னு சொன்னேன். வேற என்னன்னு சொல்றது? சொன்னாப் புரியுமா?

அன்னிக்கு நான் ஆடுன மாதிரி என்னிக்கும் ஆடுனதில்லை. ஹாஸ்டல்ல பாதிப்பேரு ஊருக்குப் போய்ட்டாங்க. கதவைச் சாத்திட்டு, தண்ணி பாட்டிலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்தேன். முன்னூறு பேருல நூத்துக்கும் கீழ வந்துருச்சு. மணி பன்னெண்டே கால் இருக்கும். கையில ரெண்டு ஒம்போது. மேசைமேல விரிச்சதுல ரெண்டு ஒம்போது. நாலு ஒம்போதுங்கய்யா! அஞ்சு மாசத்துல எனக்கு ரெண்டே தடவைதான் நாலு ஒண்ணா வந்திருக்கு. என்ற பந்தயக் காயில பாதிக்கு மேல நடுவுல கெடக்குது. எதுக்க இருந்தவன் வெச்சிருந்ததையெல்லாம் தூக்கி உள்ள தள்ளிட்டான். நான் 'சரி'ன்னு ஒரு பட்டனை அமுக்கோணும், அவ்வளவுதான். பதினஞ்சு செகண்டு டைம்.

போன் அடிக்குது. அக்கா.

என்ற போனு பழசுங்க. கால் வந்தா நெட்டு நின்னுக்கும். கட் பண்ணுனேன். நெட்டு திரும்பறதுக்குள்ள மறுக்காவும் அடிக்குது. அதையும் கட் பண்ணுனேன். மூணாவது தடவையும் அடிக்குது. ஒவ்வொரு தடவையும் திரை அவ பேரை எழுதிட்டு முன்னால வந்து நிக்குது, என்ற ஒம்போதுகளைக் காணோம். நெட்டு வந்தப்ப டைம் முடிஞ்சு, நான் ஒதுங்கிட்டதா அதுவே போட்டுக்கிச்சு. நாலு ஒம்போதை வெச்சுக்கிட்டு ஒதுங்குனவன் இந்த ஒலகத்துல நான் ஒருத்தந்தான் இருப்பேன்.

நாலாவது தடவை அடிச்சப்ப எடுத்தேன். எடுத்துக் கத்துனேன்.

"உனக்கு அறிவிருக்குதா? எத்தனை தடவை கட் பண்றேன், தெரியலையா உனக்கு? எல்லாம் போச்சு உன்னால! தொலைஞ்சு போ!"

அவ போனை வெச்சுட்டா.

அவ எதுக்குக் கூப்புட்டான்னு எனக்கு அப்பத் தெரியாதுங்க. பொறவு ஷாஹிதா அக்கா சொல்லித்தான் தெரியும். கிட்டுசாமி, "ஆம்பளைங்க யாரும் வரலையா?"ன்னு கேட்டிருக்காரு. "என்ற தம்பி காலேஜ்ல இருக்கறானுங்க, போனுல பேசச் சொல்றேன்"னு இவ ஸ்பீக்கர்ல போட்டிருக்கா. நான் கத்துனதை அவரு, அவரு சம்சாரம், ஷாஹிதா அக்கா எல்லாரும் கேட்டிருக்காங்க. "இந்தத் தம்பியை நம்பித்தான் எடுக்கறீங்களா?"ன்னாராம். இவ போனைப் பைக்குள்ள வெச்சுட்டு, "இல்லீங்கண்ணா, எங்களை நம்பித்தான் எடுக்கறோம். அறுவது இப்பத் தர்றோம், மிச்சத்தை மூணு மாசத்துல தெச்சுக் குடுத்தர்றோம்"னாளாம். அந்தம்மா வீட்டுக்காரரைப் பாத்துக் 'குடுங்க'ன்னுச்சாம். குடுத்துட்டாரு. பாருங்க, நான் கத்துனதுனால கெட்டது ஒண்ணும் நடக்கலை. ஒருவகைல அதனாலதான் அந்தம்மாவுக்கு எரக்கம் வந்திருக்கும். இதையும் யாரும் யோசிக்கறதில்லை.

எனக்கு நடந்ததுதானுங்க கெட்டது. அந்தப் போட்டில இருந்து பத்து நிமிசத்துல வெளிய வந்துட்டேன். போனது மூவாயிரத்து ஐநூறுதான். சட்டப்படி பாத்தா போனை அமத்திட்டுத் தூங்கியிருக்கணும். ஆனா நெஞ்சு எரிஞ்சுதுங்க. எனக்குச் சேரவேண்டியதைப் புடுங்கிட்டாங்களேன்னு எரிஞ்சுது. இருவத்தஞ்சாயிரம் வெச்சு உக்கார்ற மேசைக்குப் போனேன். அதுவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததே இல்லை. ஒதுங்கவே முடியலீங்க. வந்த சீட்டையெல்லாம் ஆடுனேன். மூணு மணிக்கு அந்த இருவத்தஞ்சு போச்சு. மறுக்காவும் இருவத்தஞ்சு. மிச்சமிருந்த பதினேழு சில்லறையையும் கொண்டுபோய் உக்காந்தேன். நாலரை மணிக்கு ஜெர்வின் ஊர்ல இருந்து வந்து கதவைத் தட்டுறான். தெறந்துவிட்டேன். என்ற மொகத்தைப் பாத்தான், பீரோக் கதவைப் பாத்தான். பையில இருந்து நேந்திரங்கா சிப்ஸை எடுத்துக் கட்டில்ல வெச்சுட்டுக் குளிக்கப் போய்ட்டான்.

சட்டத்தை ஒடைச்சது நானான்னு கேட்டா, இல்லைன்னுதானுங்க சொல்லுவேன். அஞ்சு மாசம் ஒடைக்காதவன் அன்னிக்கு மட்டும் எதுக்கு ஒடைக்கறான்? அந்த ஒரு போன் வரலைன்னா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்பறம் என்ன? படிப்பை ஒருவழியா முடிச்சேன். கேம்பஸ்ல ஒருத்தனும் எடுக்கலை, அரியர் இருந்துச்சில்ல. அக்கா யூனிட்டு ஆறு மிசினு பன்னெண்டு மிசினாச்சு. தோட்டைத் திருப்பிட்டா. "சும்மா இருக்காம இங்க வா"ன்னு கூப்புட்டுக்கிட்டா. வண்டில துணிக்கட்டு ஏத்தறது, எறக்கறது, செக்கிங் பாக்கறது, இந்த மாதிரி சாம்பிள் கொண்டுபோறது. அன்னிக்கு நான் கத்துனதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. பரிச்சை டென்சன்ல இருந்திருப்பான்னு அவளே சமாதானம் பண்ணிக்கிட்டாளாம். நல்லாத்தான் இருந்தா. மத்தியானம் எனக்குச் சோறு போட்டுட்டுத்தான் அவ உக்காருவா.

கெடுத்துக்கிட்டது நாந்தானுங்க. என்ற வாய்தான்.

போன மாசம் ஒரு பெரிய கம்பெனி மேனேஜர் வந்திருந்தாரு, ஆர்டர் குடுக்க. "இந்தத் தம்பி யாரு?"ன்னாரு. அக்கா, "என்ற தம்பிங்க. இன்னும் சூதுவாது தெரியாது. காசு சமாச்சாரமெல்லாம் அவன்கிட்டக் குடுக்கறதில்லை, கொழந்தை மாதிரி"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா எனக்கு எப்பிடி இருக்கும்? காசு சமாச்சாரம் எனக்கா தெரியாது? அந்தாளு போனதும், மத்தியானச் சோத்துக்கு மிசினெல்லாம் நின்னிருந்தப்ப, அக்காகிட்டயும் ஷாஹிதா அக்காகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். எரநூறுல ஆரம்பிச்சது, இருவதுல ஒரு பங்கு, எழுவத்தோராயிரம், நாலு ஒம்போது, எல்லாம். தொலைச்சதையும் மறைக்கலை. மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. தொலைச்சதுக்குத் திட்டுவா, திட்டி முடிச்சுட்டு, 'பரவால்ல, எந்தம்பிக்கு இவ்வளவு சாமர்த்தியமா'ன்னு நெனைப்பா. அதுதான் நான் எதிர்பாத்தது.

அவ திட்டலை. டிபன் பாக்ஸை மூடுனா.

"மார்ச்சு மாசம் எவ்வளவு இருந்துச்சு?"ன்னா.

"நாப்பத்தாறு"ன்னேன். பெருமையாத்தான் சொன்னனுங்க.

"நான் இருவதாயிரம் கேட்டப்ப?"

"எழுவத்தொண்ணு. ஆனா அது பணமில்லக்கா. பேங்க்ரோல். வெதை மாதிரி. எடுக்கக்கூடாது."

ஷாஹிதா அக்கா பக்கம் திரும்பி, "நான் இத்தனை நாளா இவன்கிட்ட இல்லைன்னு நெனைச்சுட்டு இருந்தேங்க்கா"ன்னா. அவ்வளவுதான். எந்திரிச்சுப் போய் மிசின்ல உக்காந்துட்டா. சாப்பாட்டு நேரம் இன்னும் பத்து நிமிசம் பாக்கி இருந்துச்சு, யாருமே தெக்கலை, அவ ஒருத்தி மட்டும் தெச்சுட்டு இருந்தா.

அதுல இருந்து பேசறதில்லீங்க. வேலை இருந்தா வாட்சப்புல வருது. 'மதுரை, சாம்பிள், காலை எட்டு மணி பஸ்.' அவ்வளவுதான். சம்பளம் ஏழாந்தேதி அக்கவுண்ட்ல விழுந்துருது, மத்த பசங்களுக்கு விழுகிற மாதிரி. சோறு ஷாஹிதா அக்கா போடறாங்க. நேத்து அவங்ககிட்டக் கேட்டேன், "நான் என்னக்கா பண்ணோணும்?"ன்னு. "போய் மன்னிப்புக் கேளுடா"ன்னாங்க.

கேக்கறனுங்க. நான் கேக்கமாட்டேன்னு சொல்லலை. எதுக்குன்னு தெரியோணுமல்ல? கத்துனதுக்கு அவ அன்னிக்கே மன்னிச்சுட்டா. தொலைச்சதைப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசலை. எழுவத்தோராயிரம் தொலைச்சவனை ஒரு அக்கா திட்ட மாட்டாளா? திட்டலீங்க! தொலைச்சதைப் பத்திக் கோவமே இல்லை. இருந்ததுக்குத்தான் கோவம்.

தா, டெப்போல இருந்து வேற பஸ்ஸே அனுப்பிட்டாங்க பாருங்க. உங்க பையை எடுத்துக்கங்க, கண்டக்டர் ஏறச் சொல்றாரு. ஏறலாமுங்க, ஒரு நிமிசம். நீங்க பெரியவங்க, நாலு எடம் பாத்தவங்க. தொலைச்சதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்குத் தெரியும். இருந்ததுக்கு எப்பிடிங்கய்யா மன்னிப்புக் கேக்கறது?